முதலெழுத்தில் அம்மாவுக்கு இடம் இருக்கா?

கொஞ்ச நாளைக்கு முதல் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். கதை பெயர்கள் பக்கம் போனது. யாருக்கு யார் பெயர் வைத்தது, நட்சத்திரம் பார்த்து எழுத்து எடுத்ததா, எண் சாத்திரக்காரர் சொல்லி இங்கிலீசில் ஒரு எழுத்துக் கூட்டினதா என்று பகிடியாகத்தான் தொடங்கியது. பிறகு எங்களில் ஒருத்தி கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு தந்தாள்.

"அப்பான்ர பேர், அப்பப்பான்ர பேர், அவற்ற அப்பான்ர பேர் எழுதுங்கோ. பிறகு கீழ, அம்மான்ர பேர், அம்மம்மான்ர பேர், அவவின்ர அம்மான்ர பேர்."

மேல் வரியை எல்லோரும் நிரப்பிவிட்டோம். ஒருவர் இன்னும் ஒரு தலைமுறை கூட்டி எழுதினார். கீழ் வரியில்தான் பேனை நின்றது. அம்மம்மாவின் பெயருக்கே இரண்டு பேர் யோசித்தார்கள், ஒருவர் வீட்டுக்கு கோல் எடுத்தார். அம்மம்மாவின் அம்மாவின் பெயரை எழுதினது ஒரே ஒருத்தி. மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் "புளியடி ஆச்சி", "பெரியாச்சி" மாதிரி முறைப்பெயர்கள்தான். அந்த மனுசிக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், அதைச் சொல்லி யாரோ அவவைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று அதுவரைக்கும் நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று இதை விட்டுவிடலாம். ஆனால் மேல் வரி மட்டும் எப்படி ஞாபகம் இருந்தது? காரணம் சின்னது. அந்த வரி எங்கள் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு ஆளின் முழுப்பெயர் என்பது தகப்பனின் பெயரும் அதற்குப் பின்னால் தன் பெயரும். படிவத்தில் "முதலெழுத்துகளுடன் பெயர்" என்று கேட்டால் தகப்பன் ஒரு எழுத்தாகச் சுருங்கி முன்னுக்கு நிற்பார். தகப்பனின் பெயருக்கு முன்னால் அவருடைய தகப்பன் நிற்பார். ஆகவே ஒவ்வொரு தடவை கையெழுத்து வைக்கும்போதும், ஒவ்வொரு விண்ணப்பம் நிரப்பும்போதும் அந்தச் சங்கிலியை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொல்லச் சொல்ல அது மனதில் நிற்கிறது. அம்மாவை நாங்கள் எங்கேயும் எழுதுவதில்லை. எழுதாதது இரண்டு தலைமுறையில் அழிந்துபோகிறது.

எங்கள் அம்மாமாரின் ஆவணங்களை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஏ.எல். சான்றிதழில் தகப்பனின் எழுத்து. கலியாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போட்டில் பலருக்குக் கணவனின் எழுத்து. வங்கிப் புத்தகத்தில் எது இருக்கும் என்று வங்கிக்குப் போனால்தான் தெரியும். "இரண்டு பேரும் ஒரே ஆள்தான்" என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு அலைந்த அம்மா எங்கள் எல்லோர் வீட்டிலும் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டிலாவது இருப்பார். இலங்கையில் கலியாணம் கட்டின பெண் பெயரை மாற்றத்தான் வேணும் என்று சட்டம் இல்லை. பழக்கம் அவ்வளவுதான். ஒரு வாழ்நாளில் அந்தப் பெண்ணின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து வந்து போகிறது, இரண்டும் ஆம்பிளைகளுடையது.

"ஒரு எழுத்துத்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு கதை?" என்று கேட்கலாம். தகப்பன் வழி என்பது இந்த நாட்டில் வெறும் எழுத்தாக இருக்கவில்லை. உங்கள் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ. பாட்டன் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுதுவதற்கு அதில் இடம் இருக்கிறது. அது தாண்டினால் பூட்டனுக்கும் ஒரு இடம் இருக்கிறது. அம்மம்மாவுக்கோ அப்பம்மாவுக்கோ அந்தத் தாளில் எங்கேயும் இடம் கிடையாது.

அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கேள்வி நிற்கிறது. திருமணமான பெற்றோருக்கு இலங்கையில் பிறந்த ஒருவர், வம்சாவளிப் பிரஜை என்று நிரூபிக்க வேண்டுமானால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயும் தாயின் தாயும் இதே தேயிலை மலையில் பிறந்து, இதே மலையில் கொழுந்து பறித்திருந்தாலும் அது கணக்கில் இல்லை. பிறப்பைப் பதியும் வசதியே ஒழுங்காக இல்லாத ஒரு காலத்துத் தாள்களை அந்தச் சட்டம் கேட்டது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக ஆனதற்கு அந்தச் சட்டம்தான் அடித்தளம். அது இனத்தை வைத்துச் செய்த அநியாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கருவியாக எடுத்தது தகப்பன் வழிப் பெயர்ச் சங்கிலி என்பதை நாங்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை.

ஒரு இலங்கைத் தாய் தன் பிள்ளைக்குத் தகப்பனைப் போலவே பிரஜாவுரிமையைக் கொடுக்கலாம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 2003இல்தான். அந்த வருசத்து 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதைச் செய்தது. அதாவது அம்மாவின் வழியாக நாடு கிடைக்கலாம் என்று அரசாங்கம் ஒத்துக்கொண்டு இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவின் வழியாக ஒரு எழுத்து வரலாம் என்று நாங்கள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உலகம் முழுக்க இப்படித்தானே என்று நினைத்துத்தான் நாங்களும் தேடிப் பார்த்தோம். அப்படி இல்லை.

ஐஸ்லாந்தை எடுப்போம். பெயர் விசயத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர் மாதிரியான ஊர் அது. அங்கேயும் பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பனின் பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்தால் முடிந்தது. 1980இல் அந்த நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவான விக்டிஸ் பின்பொகாடோட்டிர் என்ற பெண்ணின் பெயருக்குப் பொருள், பின்பொகியின் மகள் விக்டிஸ். கலியாணம் கட்டினால் பெயர் மாறாது, ஏனென்றால் யாரும் கலியாணத்தால் இன்னொருவரின் மகளாக முடியாது. ரெலிபோன் புத்தகத்தில்கூட ஆளின் சொந்தப் பெயரை வைத்துத்தான் வரிசை.

அங்கே தாயின் பெயரையும் அதே மாதிரிச் சேர்க்கலாம். கால்பந்தாட்டக்காரர் ஹெய்டர் ஹெல்குசொன், ஹெல்கா என்ற தாயின் மகன். தலைநகர் ரெய்க்யவிக்கின் மேயராகப் பல வருசம் இருந்தவர் டாகுர் பெ. எகெர்ட்சொன். எகெர்ட் அவருடைய தகப்பன். நடுவில் நிற்கும் அந்த 'பெ.' எங்களுடையதைப் போலவே ஒரு முதலெழுத்துத்தான். அது பெர்க்தோருசொன் என்பதன் சுருக்கம், தாயார் பெர்க்தோராவின் மகன் என்று பொருள். அப்பாவுக்கு ஒரு இடம், அம்மாவுக்கு ஒரு எழுத்து. நாங்கள் இந்தக் கட்டுரையில் கேட்கிறதை ஒரு மனிசன் சத்தம் போடாமல் செய்துகொண்டு ஒரு நகரத்தையே நடத்தியிருக்கிறார்.

ஸ்பெயினிலும், ஸ்பானிய மொழி பேசும் பல நாடுகளிலும் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர். முதலாவது தகப்பனிடமிருந்து, இரண்டாவது தாயிடமிருந்து. ஓவியர் பிக்காசோவின் தகப்பன் வழிப் பெயர் ரூயிஸ், பிக்காசோ என்பது தாய் வழிப் பெயர். உலகம் அவரை அம்மாவின் பெயரால்தான் கூப்பிடுகிறது. ஸ்பெயினில் 1999க்குப் பிறகு எந்தப் பெயர் முன்னுக்கு வரவேணும் என்று பெற்றோர் தீர்மானிக்கலாம். 2017இலிருந்து தகப்பனின் பெயர்தான் தானாக முன்னுக்கு வரும் என்ற விதியையும் எடுத்துவிட்டார்கள்.

மியன்மாரில் பெரும்பான்மையினரான பர்மியரிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. ஆங் சான் சூ கீ என்ற பெயரில் ஆங் சான் தகப்பனிடமிருந்து, சூ தகப்பனின் தாயிடமிருந்து, கீ தன்னுடைய தாயிடமிருந்து வந்தது. மூன்று பேரை ஒரு பெயரில் வைத்தார்கள், அதில் இரண்டு பேர் பெண்கள். கானாவின் அகான் மக்களிடம் பிள்ளை பிறந்த கிழமையே ஒரு பெயர். ஐ.நா. செயலாளர் நாயகமாக இருந்த கோபி அனான் பிறந்தது ஒரு வெள்ளிக்கிழமை, கோபி என்றால் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. ஜப்பானில் கலியாணம் கட்டினால் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரை வைத்துக்கொள்ள வேணும் என்பது சட்டம். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்வதில்லை. ஆனால் பத்தில் ஒன்பது தம்பதிகளுக்கு மேல் மாற்றுவது பெண்தான். 2015இலும் 2021இலும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றே சொன்னது. "எதை வேணுமெண்டாலும் தெரிவு செய்யலாம்" என்று தாளில் எழுதிவிட்டால் மட்டும் ஒன்றும் மாறிவிடாது என்பதற்கு இது ஒரு பாடம். பழக்கத்தையும் கதைத்துத்தான் மாற்றவேணும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன்ர ஊர், எங்கட பண்பாட்டில அப்பிடி இல்லை" என்று ஒரு குரல் கேட்கும். இல்லையா என்ன?

இரண்டாயிரம் வருசத்துக்குக் கிட்டப் பின்னால் போனால் தக்கணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் தாயின் பெயரோடுதான் தங்களை அறிவித்துக்கொண்டார்கள். கௌதமிபுத்திர சாதகர்ணி என்றால் கௌதமியின் மகன் சாதகர்ணி. அவர்களுடைய வெள்ளிக் காசுகள் சிலவற்றில் ஒரு பக்கம் பிராகிருதம், மற்றப் பக்கம் ஒரு திராவிட மொழி. அதைத் தமிழ் என்றே வாசிக்கும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அரசன் இன்ன தாயின் 'மகன்' என்று, எங்களுக்குத் தெரிந்த அதே சொல்லோடு பொறித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, மட்டக்களப்புக்கும் அக்கரைப்பற்றுக்கும் போனால் போதும். கிழக்கின் கரையோரத்தில் தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற முறை இருக்கிறது. பிள்ளை தாயின் குடியைச் சேரும், தகப்பனின் குடியை அல்ல. ஒரே குடிக்குள் கலியாணம் பேசுவதில்லை. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பதும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் யார் இருப்பது என்பதும் குடியை வைத்துப் பார்க்கிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. குடிக்குள் இருக்கிற கிளையை வயிற்றுவார் என்பார்கள். ஒரு வயிற்றிலிருந்து வந்த வழி! இதைவிட நேரான சொல் வேறு எந்த மொழியில் இருக்கப்போகிறது? ஆனால் குடிக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது, கோயில் வண்ணக்கராக இருப்பது ஆண்கள்தான் என்பதையும் மறைக்கக்கூடாது. தாய்வழி என்றால் தாய்க்கு அதிகாரம் என்று அர்த்தமில்லை. ஆனால் "எங்களிடம் தாய்வழியே இல்லை" என்று சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்திலும் பாருங்கோ. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தைப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பழைய வழக்கப்படி தாயின் சீதனச் சொத்து மகளுக்குப் போகும். இன்றைக்கும் எத்தனையோ பேர் வளர்ந்தது அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீட்டில். சீதனத்தை நல்லது என்று சொல்ல நாங்கள் வரவில்லை, அதற்காக எத்தனை பெண்களின் வாழ்க்கை நின்றுபோனது என்று எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது வேறு. இருக்கிற வீடு அம்மாவுடையது, காணி உறுதியில் அம்மாவின் பெயர், சில ஊர்களில் குடியும் அம்மாவுடையது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளையின் பெயரில் மட்டும் அம்மா ஏன் இல்லை?

இதில் இன்னுமொரு விசயம் இருக்கிறது. ஸ்பெயினில் தாயிடமிருந்து வருவது தாயின் குடும்பப் பெயர், அதாவது பெரும்பாலும் தாயின் தகப்பனிடமிருந்து வந்தது. ஒரு ஆணுக்குப் பதிலாக இன்னொரு ஆண். எங்களுடைய முறை அப்படி இல்லை. நாங்கள் முன்னுக்குப் போடுவது குடும்பப் பெயரை அல்ல, ஒரு மனிசரின் சொந்தப் பெயரை. அதனால் நாங்கள் அம்மாவைச் சேர்த்தால் வந்து நிற்பது உண்மையிலேயே அம்மாதான், அவவுக்கென்று ஆசையாக வைத்த அந்தப் பெயர்தான். எங்கள் முறை பின்தங்கினது, படிவங்களில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்துக்குள் அடங்காதது என்று சங்கடப்பட்டுக்கொண்டிருந்தோம். பார்த்தால் நியாயமாகச் செய்வதற்கு எங்கள் முறைதான் வசதி.

இதை எங்களுக்குள் கதைத்தபோது எங்களில் ஒருவர் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்கு அப்பான்ர முகம் ஞாபகமில்லை. 2009இல போனவர். அவர் எனக்குத் தந்ததில இப்ப மிச்சமிருக்கிறது அந்த ஒரு எழுத்துத்தான். அதை எடுக்கச் சொல்லாதேங்கோ."

நாங்கள் எடுக்கச் சொல்லவில்லை. இந்த மண்ணில் எத்தனையோ பிள்ளைகளுக்கு முதலெழுத்து ஒரு நினைவுச்சின்னம். இறப்புச் சான்றிதழும் இல்லாமல், ஆளும் இல்லாமல், பள்ளிக்கூட இடாப்பில் மட்டும் ஒவ்வொரு நாளும் கூப்பிடப்பட்ட தகப்பன்மார் இருக்கிறார்கள். அந்த எழுத்தைத் தொட யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே பிள்ளையை வளர்த்தது யார்? காலமை இடியப்பம் அவித்து விற்று, தையல் மெசினில் இருந்து, படத்தையும் பைலையும் தூக்கிக்கொண்டு ஆணைக்குழு ஆணைக்குழுவாக ஏறி இறங்கியது யார்? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டிலில் இருக்கத் தொடங்கிய அம்மாமாரில் எத்தனை பேரின் பெயர் எங்களுக்குத் தெரியும்? "காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள்" என்று செய்தியில் வரும். இன்னாரின் அம்மா, இன்னாரின் மனைவி. ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றை எடுத்து மற்றதை வைக்க அல்ல. பக்கத்தில் இன்னுமொரு எழுத்து. இரண்டு பேரும் நிற்கட்டும்.

இன்னுமொரு தடை இருக்கிறது, அது கொஞ்சம் அசிங்கமானது. எங்கள் ஊரில் ஒருவரை ஆகக் கேவலமாகப் பேசவேணும் என்றால் "தகப்பன் பேர் தெரியாதவன்" என்பார்கள். தாயின் எழுத்தோடு ஒரு பிள்ளை வந்தால் "ஏன், அப்பா இல்லையோ?" என்று பார்க்கிற பார்வை அந்தப் பேச்சிலிருந்து வருகிறதுதான். தனியாக வளர்க்கும் தாய்மார் பள்ளிக்கூட அனுமதி நாளில் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்கிறார்கள். அதனால்தான் தகப்பன் பக்கத்தில் இருக்கிற நாங்களும் அம்மாவின் எழுத்தைப் போடவேணும் என்கிறோம். எல்லோர் பெயரிலும் அம்மா இருந்தால், அம்மா மட்டும் இருக்கிற ஒரு பெயர் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

நடைமுறைச் சிக்கல் எங்களுக்கும் தெரியும். அடையாள அட்டையிலும் பாஸ்போட்டிலும் ஓ.எல். சான்றிதழிலும் ஒரு எழுத்து மாறினால் படுகிற பாடு கொஞ்சமில்லை. ஏற்கனவே இருக்கிற ஆவணங்களை மாற்றுங்கோ என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கள் கையில் இருக்கிற இடங்களிலிருந்து தொடங்கலாம். எழுதுகிற கட்டுரையின் கீழ், கவிதைத் தொகுப்பின் அட்டையில், குறும்படத்தின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலில், கலியாண அழைப்பிதழில் இரண்டு எழுத்தும் போடலாம். கலியாணம் கட்டப்போகிற பெண்கள் தங்கள் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கட்டப்போகிற ஆண்கள் அதைப் பெரிய தியாகம் மாதிரிக் கதைக்காமல் இருக்கலாம். நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் பதிவுக்குப் போக முதல் இரண்டு பேரும் இருந்து இதைக் கதைக்கலாம். இப்போது இனிமையான பெயர் தேடி இணையத்தில் மணிக்கணக்காக இருக்கிறோம், ஆனால் முன்னுக்கு வருகிற எழுத்தைப் பற்றி ஒரு நிமிசம்கூடக் கதைப்பதில்லை. அது ஏற்கனவே தீர்மானித்த விசயம் மாதிரி.

பெயர்கள் மாறாமல் இருந்ததும் இல்லை. போர்த்துக்கேயரோடு வந்த பெரேராவும் சில்வாவும் பெர்னாண்டோவும் இன்று இந்த நாட்டின் பெயர்களாகவே ஆகிவிட்டன. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருந்த சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானித்தார்கள், தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் உண்மையிலேயே விட்டார்கள். அன்றைக்கும் "இது எங்கட வழக்கம்" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

அன்று விறாந்தையில் எழுதின துண்டுகளை நாங்கள் எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டு வருவது என்று பேசிக்கொண்டோம். சிலர் நிரப்பினோம். ஒருவருடைய அம்மம்மாவின் அம்மாவின் பெயர் வள்ளியம்மை. அதைச் சொன்ன அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை என்னட்ட ஆரும் கேட்டதில்லை" என்றாவாம். சிலருக்கு இனி நிரப்ப வழியில்லை, கேட்பதற்கு ஆளில்லை.

உங்களிடம் கேட்க ஆள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கோ. ஒரு துண்டில் எழுதி வையுங்கோ. முதலெழுத்தைப் பற்றிப் பிறகு ஆறுதலாகச் சண்டை பிடிக்கலாம்.